மண்டபத்துச் சுவரில் என் முகம்

தலைவரே, என் முகத்தை என்னிடம் கேட்காமல் எடுத்தது நீங்கள்தான். எடுத்து, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கழுத்துக்கு மேலே வைத்தீர்கள். தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது என்று இனியும் சொல்லாதீர்கள். பிரஷ் தானாக நடந்து போய் யார் முகத்தையும் வரையாது.

உங்களுக்கு நடந்தது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிரேம் கடை இருக்கிறது. கல்யாணப் படம், செத்தவர் படம், சுவரில் மாட்டும் வேத வசனம், பட்டம் வாங்கிய பிள்ளையின் படம், எது வந்தாலும் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். கண்ணாடி அறுப்பதும் நான்தான். தழும்பு இல்லாத விரல் எனக்குக் கிடையாது. கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான் தனி. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மறக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே வரைவேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் உள்ள ஓவியச் சங்கத்தார் தங்கள் படங்களுக்குச் சட்டம் போட என் கடைக்கு வருவார்கள். ஒரு நாள் பில் தாளின் பின்பக்கம் நான் கிறுக்கி வைத்திருந்த கையைத் தலைவர் பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். நாங்கள் எல்லாரும் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். "இந்தக் கைய எதப் பாத்து வரைஞ்சே?" என்று கேட்டார். "எனக்க இடது கையத்தான் சாரே" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வா" என்றார். போனேன். அங்கே நான் ஒருத்திதான் பெண்.

மனிதரை நேரில் பார்த்து, பார்த்தபடி வரைவதற்கான சங்கம் அது. போட்டோவை வைத்துப் பிரதி எடுக்கக் கூடாது. புரொஜெக்டர் வைத்துக் கோடு போடக் கூடாது. கம்ப்யூட்டரில் செய்த படத்தைத் துணியில் அச்சடித்து, மேலே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஆயில் பெயின்டிங் என்று விற்கிறவனை உள்ளே விடமாட்டார்கள். முக்கோணமும் வட்டமும் போட்டு அதைப் பெண் என்று சொல்கிறவனையும் விடமாட்டார்கள். தலைவர் அடிக்கடி சொல்வார்: "கண்டதை மாத்தாதே. மாத்துனா நீ பயந்துட்டேன்னு அர்த்தம்." இந்த வார்த்தையை நான் பிறகு அவர் முன்னாலேயே எடுத்துப் போடுவேன்.

ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவரின் குடோனுக்கு மேலே எங்கள் அறை. புகை போட்ட ஷீட்டின் நாற்றம் மாடி வரைக்கும் வரும். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து, மத்தியானம் சாப்பிட்டு, வெயில் தாழ்வதற்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள். நடுவில் கை வைத்த மர நாற்காலி ஒன்று கிடக்கும். அதில் உட்கார வெளியாள் யாரும் வரமாட்டார்கள். வரையக் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று சிலர் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இதற்கா வருவது என்று மற்றவர்கள். அதனால் உறுப்பினர்களே முறை போட்டு உட்காருவோம். இன்றைக்கு நான் உட்கார்ந்தால் அடுத்த வாரம் நீ.

நாற்காலியில் இருக்கிறவர் அசையக் கூடாது, பேசவும் கூடாது. சுற்றி இருக்கிறவர்கள் அவர் முகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். வரைகிறவர் தானாகக் காட்டும் வரை உட்கார்ந்தவர் படத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. கோபித்துக்கொண்டால் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை செய்கிற ஒருவர் உட்கார்ந்த நாள் ஞாபகம் இருக்கிறது. எங்கள் செயலாளர் கடைப் பலகை எழுதுகிறவர், கொத்து மீசைக்காரர், வாய் ஓயாது.

"சாரே, இவனுக்க ரெண்டு காதும் ரெண்டு சைசு. எத வரைய?"

"ரெண்டையும் வரையணும்லே."

"வரைஞ்சா இவன் பெண்டாட்டி எனக்கத் தப்புன்னு சொல்லுவாளே."

"அவ கட்டும்போ பாத்துத்தானே கட்டுனா?"

நாற்காலியில் இருந்தவருக்குச் சிரிப்பு முட்டியது. "சிரிக்காதலே, மூக்கு போச்சு!" என்று செயலாளர் கத்தினார். அன்றைக்கு நானும் நன்றாகச் சிரித்தேன். முகத்தைப் பொதுவில் வைத்து விளையாடலாம் என்று அப்போது நானும் நம்பினேன். எல்லார் முகமும் நடுவில் கிடந்தது, அதனால் பயம் இல்லை.

என் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குவைத்திலிருந்து போன் வந்தது.

"இந்த வருசமும் லீவு இல்ல பிள்ளே. கம்பெனியில ஆள் கொறவு. அடுத்த வருசம் பாக்கலாம்."

"போன வருசமும் இதத்தானே சொன்னீங்க?"

"நான் என்னட்டி செய்ய? பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில இருக்கு."

போனை வைத்துவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். பிறகு முகம் கழுவி, போகாமல் இருக்கலாமா என்று யோசித்து, முறை தவறக் கூடாது என்று போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடக்கி வைத்தது மறுபடியும் கண்ணில் வந்து நின்றது. முந்தானையை எடுக்கப் போனேன்.

"தொடைக்காத" என்றார் தலைவர். "தலையக் கொஞ்சம் தாத்து. அப்பிடியே இரி."

செயலாளர்கூட வாயை மூடிக்கொண்டு வரைந்தார். ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் பதில் சொல்ல முடியாது, உட்கார்ந்தவர் பேசக் கூடாது. வெளிச்சம் போகும் வரை அப்படியே இருந்தேன். கடைசியில் மற்றவர்கள் தங்கள் பலகையைத் திருப்பிக் காட்டினார்கள். தலைவர் தன்னுடையதைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். "இன்னும் முடியல" என்றார். முறைப்படி நானும் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் மண்டபத்து வேலை வந்தது. எங்கள் சபையில் கோவிலுக்குள் படம் வைக்கும் பழக்கம் இல்லை. சுவர் வெள்ளையாக இருக்கும். ஆனால் பக்கத்தில் உள்ள கல்யாண மண்டபத்தைப் புதுப்பித்தபோது, பெரிய சுவர் வெறுமையாக இருக்கிறது, மன்னிப்பைப் பற்றி ஒரு படம் இருந்தால் நல்லது என்று போதகர் ஆசைப்பட்டார். கமிட்டி தலைவரைக் கேட்டது. கல்லெறிய இழுத்து வரப்பட்ட பெண்ணின் கதையை அவர் எடுத்துக்கொண்டார். ஊர் ஆண்கள் அவளை விபசாரத்தில் பிடித்தோம் என்று சொல்லிக் கல்லோடு நிற்பார்கள், ஆண்டவர் அவளை விடுவித்து அனுப்புவார். ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லாருக்கும் தெரிந்த கதை.

படத்தை அவர் தன் வீட்டில் வைத்து வரைந்தார். சட்டத்துக்கு அளவை மட்டும் எனக்குப் போனில் சொன்னார். நல்ல அயனி மரம் எடுத்து, நாலு மூலையும் இடைவெளி தெரியாமல் சேர்த்து, மூன்று முறை பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். எங்கள் மண்டபத்துக்குத்தானே என்று கூலி கேட்கவில்லை. அந்தச் சட்டம் இன்றைக்கும் ஒரு மயிரிழை விலகவில்லை. அதை வேறு நான் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

திறப்பு நாள். மண்டபம் நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் கேக்கும் மிக்சரும் வைத்த தட்டு. திரையை விலக்கினார்கள். நடுவில் ஒரு பெண் மண்டியிட்டு இருந்தாள். தாழ்ந்த தலை. வீங்கிய கண். கன்னத்தில் துடைக்காத தண்ணீர். மூக்கின் இடப்பக்கம் உள்ள மரு வரைக்கும் நான்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைப் பார்ப்பது போல இருந்தது. இதைக் கவனிக்காமல் போய்விடுவார்கள் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். பெரிய படம், தூரத்துச் சுவர். அதற்குள் செயலாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தப் பெண்ணு ஆருன்னு தெரியுதா? நல்லாப் பாருங்க! நம்ம பிரேம் கடைத் தங்கச்சியாக்கும்! நேரில் உட்கார வைத்து வரைந்தது! அப்படியே அச்சு! இதுதான் எங்கள் சங்கம்!"

கைதட்டினார்கள். சங்கத்து ஆட்கள்தான் அதிகம் தட்டினார்கள். எங்களுக்குள் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அச்சு அசல் என்றால் போதும், ஒருவன் ஒரு வாரம் சோறு இல்லாமல் இருப்பான். எனக்கு மரியாதை செய்வதாகவே செயலாளர் நினைத்தார். அது எனக்குத் தெரியும். நானூறு தலை என் பக்கம் திரும்பியது. திரும்பிவிட்டுப் படத்தைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது.

பின் வரிசையில் எங்கள் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "ஏட்டி, கல்லோட வந்துருக்கானுவ. மிக்சரத் தின்னுட்டு ஓடு!"

சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் மாறிப் போனார்கள். வழக்கமாக வரும் பெண்கள் பிரேமை எடுத்துக்கொண்டு உடனே போனார்கள். வேலை இல்லாத ஆண்கள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள். ஒருத்தன் கேட்டான்: "மண்டபத்துல பாத்தேன். ஆரை நெனச்சாக்கும் அப்பிடி அழுதது?" கண்ணாடி அறுக்கிற வைரக் கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒனக்க அம்மயக் கேட்டுட்டு வாலே" என்றேன். போய்விட்டான். போய் வேறு விதமாகச் சொல்லியிருப்பான்.

யாரோ படத்தை வாட்ஸ்அப்பில் குவைத்துக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் கணவர் கூப்பிட்டார்.

"இது எப்போ வரைஞ்சது?"

"லீவு இல்லன்னு நீங்க போன் செய்தீங்களே, அன்னைக்கு."

"அதுக்கு அவனுவளுக்கு முன்னால போயி அழுவணுமா?"

"போவதுக்கு முன்னாலயே அழுதாச்சு. அங்க வந்தது மிச்சம்."

"இஞ்ச ரூம்ல எல்லாவனும் பாத்தாச்சு. எனக்கு எப்பிடி இருக்கும்?"

"எனக்கு எப்பிடி இருக்கும்னு கேட்டீங்களா?"

"நான் வந்து பேசுதேன்" என்றார். அவர் வர முடியாது என்று அழுத அழுகையைப் பற்றித்தான் அவர் வந்து பேசப் போகிறார். இன்னும் வரவில்லை. அந்த அழுகை மட்டும் மண்டபத்தில் மாட்டியிருக்கிறது, வேறொருவனோடு பிடிபட்ட வெட்கம் என்று.

தலைவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"எங்கிட்டக் கேக்காம எதுக்கு சாரே வச்சீங்க?"

"படத்துல இருக்கது நீ இல்ல. நீ மாதிரிக்கு உக்காந்தே. அவ்வளவுதான்."

"அப்போ மைக்ல எனக்கக் கடைய எதுக்குச் சொன்னாரு?"

"அது அவனுக்க சந்தோசம். விடு."

"முகத்த மாத்துங்க."

அவர் என்னைப் பார்த்த விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு முட்டாளைப் பார்ப்பது போல. "அந்த முகத்துக்காகத்தான் அந்தப் படமே. எனக்க வாழ்நாள்ல அப்பிடி ஒண்ணு அமையல. கண்டத மாத்துனா பின்ன சங்கம் எதுக்கு?"

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. நல்ல படம். அதுதான் எனக்கு அதிக எரிச்சல். மோசமாக வரைந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். யாரோ ஒருத்தி என்று போயிருக்கும்.

சங்கக் கூட்டத்தில் பேசினேன், அன்றைக்கு ஏன் அழுதேன் என்பதையும் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் பாவம் பார்த்தார்கள். இப்போது முகத்தை அழித்தால் அவளைப் பற்றிப் பேசியது உண்மை, அதனால்தான் அழித்தார்கள் என்று ஊர் சொல்லும் என்றார்கள். அதுவும் சரிதான். படத்தை இறக்கினாலும் அதையேதான் சொல்லும். சங்கத்தை விட்டு விலகினால் குற்றம் குத்துகிறது என்பார்கள். மண்டபத்துக்குப் போகாமல் இருந்தால் வெட்கப்படுகிறாள் என்பார்கள். போனால் வெட்கமே இல்லை என்பார்கள். கடையை மார்த்தாண்டத்துக்கு மாற்றலாம். கல்யாணம் என்றால் மார்த்தாண்டத்துக்காரனும் இந்த மண்டபத்துக்குத்தான் வருவான். ராத்திரியும் பகலும் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் அடித்த சட்டத்தின் ஒரு மூலையில்தான் போய் முட்டுகிறேன்.

பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம் வந்தது. அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் நான். போகாமல் இருக்க முடியாது. நாலு மணிக் கல்யாணம், முடிந்ததும் மண்டபத்தில் அப்பமும் கோழிக்கறியும். படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அது இன்னும் மோசம். எதிரே சாப்பிட்டவர்கள் இரண்டு முகத்தையும் ஒரே பார்வையில் வைத்துச் சாப்பிட்டார்கள். எழுந்து, தட்டோடு அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தேன். சரி, பார்த்துத்தான் தொலைப்போம் என்று பார்த்தேன். திறப்பு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

ஆண்டவரின் முகம் காலண்டரில் வருகிற முகம். நாற்காலியில் யாரும் அதற்கு உட்காரவில்லை. கல் பிடித்த ஆண்கள் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. ஒருவர் முதுகைக் காட்டுகிறார். ஒருவர் குனிந்து கல் எடுக்கிறார். ஒருவரின் முகத்தைத் தூக்கிய கை மறைக்கிறது. ஆனால் எனக்கு எல்லாரையும் தெரியும். அந்த முதுகுகளை நான் வாரம் வாரம் வரைந்தவள். காது ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக நிற்பது யார் என்று எனக்குத் தெரியாதா?

அத்தனை ஆண்களின் முகமும் தலைவரிடம் இருந்தது. அத்தனை பேரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அவ்வளவு பெரிய சுவரில் நேரில் பார்த்து வரைந்த ஒரே முகம் என்னுடையது.

அப்போது மேற்குச் சன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சுவரோடு சாய்ந்து விழுந்தது. ஆயில் வண்ணத்தில் ஒன்றை மறைத்து மேலே இன்னொன்று வரைந்தால், அடியில் உள்ளதன் தடிப்பு போகாது. நேர் வெளிச்சத்தில் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். முன்னால் நிற்கிற ஆணின் பின்னந்தலையில், கறுப்பு முடிக்கு அடியில், ஒரு மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே ஒரு கொத்து மீசை.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

மறுநாள் செயலாளர் ஒரு படத்துக்குச் சட்டம் போட வந்தார்.

"அண்ணே, முன்னால கல்லோட நிக்கியது நீங்கதானே?"

"எப்பிடித் தெரிஞ்சது? முதுகுதானே இருக்கு?"

"முன்னால முகம் இருந்துதே."

அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்கிற ஆள் இல்லை. "சார் வீட்டுக்குக் கூப்புட்டுக் காட்டுனாரு. நல்லாத்தான் இருந்தது தங்கச்சி. ஆனா மூத்தவளுக்கு மாப்பிள பாக்குத நேரம். மண்டபத்துல வச்சு அவனுவ பாத்தா, பெண்ணுக்க அப்பன் கல்லோட நிக்கியான்னு வருமே. திருப்பி வைங்க சாரேன்னு சொன்னேன். ஒடனே திருப்பிட்டாரு. பாவம், நல்ல மனுசன்."

"மத்தவங்க?"

"எல்லாரயும்தான் கூப்புட்டுக் காட்டுனாரு. ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு பிரச்சினை."

"என்னை ஏன் கூப்பிடல?"

அவர் பில் தாளைப் பார்த்தார். சட்டத்துக்கு அளவு சொல்லாமலே படத்தை வைத்துவிட்டுப் போனார்.

சங்கத்தின் வருடக் கண்காட்சி வருகிறது, அதே மண்டபத்தில். கண்டதைக் கண்டபடி வரைவது பற்றித் தலைவர் பேசப் போகிறார் என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். என் கடைக் கண்ணாடியிலும் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கிழிக்கவில்லை.

தலைவரே, முகத்தை மாற்றுங்கள் என்று இனி கேட்கமாட்டேன். படம் அங்கேயே இருக்கட்டும். எனக்குப் பதில் வேண்டும். கடைக்கு வந்து தணிந்த குரலில் சொல்கிற பதில் வேண்டாம். போனில் வேண்டாம். செயலாளரிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். என் கடையை எந்த மைக்கில் சொன்னார்களோ அந்த மைக்கில், அந்தப் படத்துக்குக் கீழே நின்று, அன்றைக்குக் கைதட்டியவர்கள் முன்னால் சொல்லுங்கள். அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று உங்களுக்கு அப்போது தெரியுமா? இப்போது தெரியும், அதையும் சொல்லுங்கள். கண்டதை மாற்றினால் பயம் என்றீர்களே, ஆண்கள் கேட்டதும் ஒவ்வொருவராகத் திருப்பி நிறுத்தினீர்களே, யாருக்குப் பயந்தீர்கள்? அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டிக் கேட்ட நீங்கள், என்னை மட்டும் ஏன் கூப்பிடவில்லை?

முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சொல்லுங்கள்.